முருங்கைக்கீரையா, பாலக்கா? சத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

நூறு கிராமுக்கு நூறு கிராம் வைத்தால் முருங்கைக்கீரையில் பாலக்கைப் போல மூன்று மடங்கு புரதம். ஒரு வேளைச் சாப்பாட்டில் சேரும் அளவை எடுத்துப் பார்த்தால் இரண்டிலும் புரதம் சமம். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இரும்புச்சத்தில் பாலக்தான் முன்னால். மூன்றும் ஒரே அட்டவணையிலிருந்து கிடைப்பவை, மூன்றும் சரியானவை. வாட்ஸ்அப்பில் வரும் ஒப்பீடுகள் ஒன்றோடொன்று மோதுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எந்த அளவை எதோடு வைத்துப் பார்க்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை.

பெங்களூரில் இந்த இரண்டு கீரையும் ஏறக்குறைய எல்லாப் பேட்டையிலும் கிடைக்கும். கே.ஆர். மார்க்கெட்டில் கேட்டாலும் ஹாப்காம்ஸ் என்ற தோட்டக்கலைக் கூட்டுறவுக் கடையில் கேட்டாலும் தள்ளுவண்டியில் கேட்டாலும் நுக்கே சொப்பு, பாலக் சொப்பு என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். அதனால் இங்கே இவற்றையே எடுத்துக்கொண்டு முறையைச் சொல்கிறோம். இதே முறையில் கேழ்வரகையும் கோதுமையையும், பீன்ஸையும் அவரையையும் ஒப்பிடலாம். தேவையானவை மூன்றுதான்: ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, ஒரு நல்ல ஊட்டச்சத்து அட்டவணை, போனில் இருக்கும் கால்குலேட்டர்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

“எதில் சத்து அதிகம்?” என்ற கேள்விக்கு விடை கிடையாது. யாருக்கு, எந்தச் சத்து என்று கேட்டால்தான் கணக்கே தொடங்கும். கர்ப்பிணிக்கு ஃபோலேட் என்ற பி வைட்டமின் முக்கியம். மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்ணுக்கு இரும்பு. மலச்சிக்கல் உள்ளவருக்கு நார்ச்சத்து. இரண்டு மூன்று சத்துகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினைந்து வரிசை எழுதினால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கீரை ஜெயிக்கும், முடிவெடுக்க முடியாமல் போகும்.

எடுத்த சத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் தேவையை எழுதிக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் தந்த பரிந்துரைப்படி இரும்பு ஆண்களுக்கு 19 மி.கி., பெண்களுக்கு 29 மி.கி. ஃபோலேட் ஆண்களுக்கு 300 மைக்ரோகிராம், பெண்களுக்கு 220, கர்ப்பிணிகளுக்கு 570. கால்சியம் பெரியவர்களுக்கு 1,000 மி.கி. இந்த எண் பக்கத்தில் இருந்தால்தான் “இரண்டு மடங்கு” என்ற சொல்லின் கனம் தெரியும். தேவையில் 1 சதவீதம் தருவது 2 சதவீதமானாலும் இரண்டு மடங்குதான், ஆனால் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அட்டவணை ஒன்றே ஒன்று இருக்கட்டும்

பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம் இது. ஒரு கீரையின் எண்ணை ஒரு தளத்திலிருந்தும் மற்றதை இன்னொரு தளத்திலிருந்தும் எடுத்தால் ஒப்பீடு அந்த இடத்திலேயே முடிந்துபோயிற்று. நம் ஊர்க் காய்கறிகளுக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையை எடுங்கள். நாட்டை ஆறு பகுதிகளாகப் பிரித்து மாதிரி சேகரித்து 528 உணவுகளை ஆய்ந்தது அது. அதில் 100 கிராம் பச்சைக் கீரைக்கு உள்ள எண்கள் இவை.

முருங்கைக்கீரை: ஈரம் 75.6 கிராம், புரதம் 6.41 கிராம், நார்ச்சத்து 8.2 கிராம், கால்சியம் 314 மி.கி., இரும்பு 4.56 மி.கி., வைட்டமின் சி 108 மி.கி., ஃபோலேட் 43 மைக்ரோகிராம்.

பாலக்: ஈரம் 90.3 கிராம், புரதம் 2.14 கிராம், நார்ச்சத்து 2.4 கிராம், கால்சியம் 82 மி.கி., இரும்பு 2.95 மி.கி., வைட்டமின் சி 30 மி.கி., ஃபோலேட் 142 மைக்ரோகிராம்.

இப்போது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையைத் திறந்தால் முருங்கைக்கீரைக்குக் கால்சியம் 185 மி.கி., வைட்டமின் சி சுமார் 52 மி.கி. என்று இருக்கும். ஏறக்குறைய பாதி. மண், ரகம், இலையின் முதிர்ச்சி, பறித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதெல்லாம் சேர்ந்து இப்படி மாற்றும். வைட்டமின் ஏ-யில் வெற்றி தோல்வியே புரண்டுவிடுகிறது. உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் இந்திய அட்டவணையில் முருங்கைக்கீரைக்குச் சுமார் 17,500 மைக்ரோகிராம், பாலக்குக்குச் சுமார் 2,600. அமெரிக்க அட்டவணையிலோ பாலக் ஒரு படி மேலே நிற்கிறது. இரண்டு நம்பகமான அட்டவணைகள் வெவ்வேறு கீரையை முதலில் வைத்தால், அந்தச் சத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதேபோல் 20 சதவீதத்துக்குள் உள்ள வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்று வாங்கிய கட்டுக்கும் இன்று வாங்கிய கட்டுக்கும் நடுவில் அவ்வளவு மாறும்.

பழைய எண்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பாலக்கில் இரும்பு 10.9 மி.கி. என்று இன்றும் பல இடங்களில் பார்க்கலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய பதிப்புகளில் இருந்த எண் அது. பிற்பாடு அந்நிறுவனமே அதை 1.14 மி.கி. என்று திருத்தியது, மேலே பார்த்த 2017 அட்டவணையில் அது 2.95. கீரையில் ஒட்டும் மண்ணில் இரும்பு நிறைய உண்டு. சரியாகக் கழுவாத மாதிரியை ஆய்ந்தால் மண்ணின் இரும்பும் கீரையின் கணக்கில் ஏறிவிடும். ஆகவே ஆண்டு போடாத எண்ணை நம்பாதீர்கள்.

தாவரம் அதுதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழில் தேடினால் பாலக்கைப் பசலைக்கீரை என்று போட்டிருக்கும் பக்கங்கள் ஏராளம். கொடிப்பசலை வேறு, பெங்களூரில் பசலே சொப்பு என்று விற்பது அதுதான். அதன் அறிவியல் பெயர் பசெல்லாவில் தொடங்கும், பாலக்கினுடையது ஸ்பினாசியாவில். முருங்கைக்கு மொரிங்கா ஒலிஃபெரா. இந்தப் பெயரைப் பார்த்து வரிசையைப் பிடித்தால் தவறாது.

எடை போடுவதில் கவனம்

அட்டவணையில் உள்ள 100 கிராம் என்பது சாப்பிடும் பகுதி. கட்டின் எடை அல்ல. பாலக்கில் வேரையும் அழுகிய இலையையும் நீக்கினால் போதும், இளந்தண்டு கூடவே வேகும். முருங்கைக்கீரையில் கொம்பும் ஈர்க்கும் போன பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்பது கட்டுக்குக் கட்டு மாறும். இதற்குப் பொதுவான சதவீதத்தை எங்கும் தேடாமல் நீங்களே எடை போடுங்கள்.

கட்டை வாங்கியதும் ரப்பர் பேண்டையும் வாழை நாரையும் அவிழ்த்து முழு எடையைக் குறியுங்கள். ஆய்ந்தபின், கழுவுவதற்கு முன்பு, இலையை மட்டும் எடை போடுங்கள். பாத்திரத்தைத் தராசில் வைத்து டேர் பட்டனை அழுத்திவிட்டுப் போட்டால் பாத்திரத்தின் எடை கழிந்துவிடும். கழுவியபின் எடை போடக்கூடாது. பாலக் இலையின் மடிப்பில் தண்ணீர் நிற்கும், அதுவும் கீரையின் கணக்கில் வரும். வாடாமல் இருக்க வியாபாரிகள் தண்ணீர் தெளித்தே வைப்பார்கள் என்பதால், வாங்கி வந்த பாலக்கை ஒரு பருத்தித் துணியில் அரை மணி நேரம் பரப்பிவிட்டு எடை போடுவது நல்லது.

முருங்கைக்கீரையில் தவறு எதிர்த்திசையில் நடக்கும். ஆய்வது எளிதாகட்டும் என்று கொத்தைத் துணியில் சுற்றி இரவு முழுதும் வைத்து, காலையில் உதறுவது பல வீடுகளில் வழக்கம். இலை தானாக உதிரும், உண்மைதான். ஆனால் அதற்குள் ஈரம் ஆவியாகி எடை குறைந்திருக்கும், வைட்டமின் சி-யும் குறைந்திருக்கும். ஒப்பிடுகிற அன்று மட்டுமாவது வாங்கிய உடனே உருவி எடை போடுங்கள்.

“ஒரு கப்” என்று அளவு சொல்லும் செயலிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அமெரிக்க அட்டவணையின்படி ஒரு கப் பச்சைப் பாலக் 30 கிராம், வெந்த பாலக் ஒரு கப் 180 கிராம். நறுக்கிய முருங்கைக்கீரை ஒரு கப் 21 கிராம். கப் என்ற ஒரே சொல்லுக்குள் எட்டு மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது.

மூன்று விதமாகக் கணக்குப் போடுங்கள்

முதல் கணக்கு 100 கிராமுக்கு. அட்டவணை எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. இதில் முருங்கைக்கீரை ஃபோலேட் தவிர எல்லாவற்றிலும் முன்னால் நிற்கும். பெரும்பாலானோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டாவது, உலர்பொருள் கணக்கு. நூறிலிருந்து ஈரத்தைக் கழியுங்கள். முருங்கைக்கீரையில் மிஞ்சுவது 24.4 கிராம், பாலக்கில் 9.7 கிராம். சத்தை இந்த எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். முருங்கைக்கீரையின் புரதம் 6.41-ஐ 24.4-ஆல் வகுத்தால் 26 கிராம். பாலக்கின் 2.14-ஐ 9.7-ஆல் வகுத்தால் 22 கிராம். மூன்று மடங்கு என்று நின்றது ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசமாகச் சுருங்கிவிட்டது. இரும்பைப் போட்டுப் பாருங்கள்: முருங்கைக்கீரை 18.7 மி.கி., பாலக் 30.4 மி.கி. தலைகீழ். பாலக்கைச் சத்துக் குறைந்ததாகக் காட்டியது அதில் இருக்கும் தண்ணீர்தான். ஃபோலேட்டில் 176-க்கு 1,464 என்று இடைவெளி இன்னும் விரியும். கால்சியத்திலும் வைட்டமின் சி-யிலும் நார்ச்சத்திலும் முருங்கைக்கீரை அப்போதும் தெளிவாக முன்னிலையில் இருக்கிறது. அந்த முன்னிலைக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை, இலையிலேயே இருப்பது.

மூன்றாவது, தட்டில் விழும் அளவு. வீட்டு முடிவுக்கு இதுதான் உதவும். பாலக் வதங்கினால் கைப்பிடியாகிவிடும், ஒருவர் ஒரு வேளைக்கு 120 கிராம் பச்சைப் பாலக்கைக் கூட்டாகவோ பருப்போடு கடைந்தோ சிரமமில்லாமல் சாப்பிடுவார். முருங்கைக்கீரை அப்படி இறங்காது. அடையிலோ பொரியலிலோ சாம்பாரிலோ தலைக்கு 40 கிராம் இலை போனாலே நிறைய. இந்த அளவுகளை வைத்தால்:

புரதம் இரண்டிலும் 2.6 கிராம். நார்ச்சத்து முருங்கைக்கீரையில் 3.3 கிராம், பாலக்கில் 2.9 கிராம், சமம் என்றே வையுங்கள். கால்சியம் 126-க்கு 98 மி.கி. வைட்டமின் சி 43-க்கு 36 மி.கி. இரும்பு 1.8-க்கு 3.5 மி.கி., அதாவது ஒரு பெண்ணின் தேவையில் 6 சதவீதமும் 12 சதவீதமும். ஃபோலேட் 17-க்கு 170 மைக்ரோகிராம், பத்து மடங்கு.

உங்கள் வீட்டு அளவு வேறாக இருக்கும். சமைத்த மொத்தப் பச்சை எடையைச் சாப்பிட்ட ஆட்களால் வகுத்து, அந்த எண்ணைப் போடுங்கள். விலையையும் இதே இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்: கட்டின் விலையை ஆய்ந்த இலையின் எடையால் வகுத்து, தட்டு அளவால் பெருக்கினால் ஒருவருக்கு ஒரு வேளைச் செலவு வரும்.

அடுப்பில் ஏறியபின்

அட்டவணைகளில் வெந்த கீரைக்குத் தனி வரிசை இருந்தால் ஒரு விசித்திரம் தெரியும். அமெரிக்க அட்டவணையில் பச்சைப் பாலக்கில் இரும்பு 2.71 மி.கி., வேகவைத்து வடித்ததில் 3.57 மி.கி. வேகவைத்தால் இரும்பு பிறப்பதில்லை. இலை சுருங்கி, அதே 100 கிராமுக்குள் அதிக இலை அடைகிறது. ஆகவே பச்சையைப் பச்சையோடும் வெந்ததை வெந்ததோடும்தான் வைக்க வேண்டும். இன்னும் நம்பகமான வழி, பச்சை எடையிலேயே கணக்குப் போட்டுவிட்டு இழப்பைத் தனியாகக் கழிப்பது.

எது போகும், எது நிற்கும் என்பது சத்தைப் பொறுத்தது. புரதமும் நாரும் பெரிதாகக் குறையாது. இரும்பும் கால்சியமும் சூட்டில் அழியாது, வடித்த தண்ணீரோடுதான் கொஞ்சம் போகும். வைட்டமின் சி சூட்டிலும் அழியும், தண்ணீரிலும் கரையும். அதே அட்டவணையில் பாலக்கின் வைட்டமின் சி 28 மி.கி.யிலிருந்து வெந்தபின் 10 மி.கி.க்கு இறங்குகிறது. அடைந்த எடையைச் சேர்த்துப் பார்த்தால் உண்மையான இழப்பு இதைவிடவும் அதிகம். ஃபோலேட்டும் கரையக்கூடியது என்பதால், பாலக்கின் ஃபோலேட்டுக்காகச் சமைப்பவர் தண்ணீரை வடிக்காமல் மூடி போட்டுச் சிறு தீயில் வதக்குவதே சரி.

ஆனால் வடிப்பதற்கும் காரணம் உண்டு. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், சிறுநீரகக் கல்லுக்கும் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் பாலக்கில் மிக அதிகம். ஒரு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 200 கிராம் பாலக்கைப் போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துப் பிழிந்தால், கரையும் ஆக்சலேட் கணிசமாக வெளியேறும். அதோடு ஃபோலேட்டும் போகும். இரண்டையும் ஒரே சமையலில் காப்பாற்ற முடியாது, எது வேண்டும் என்று முன்பே தீர்மானிக்க வேண்டும். இங்கே கன்னட வீடுகளில் வைக்கும் பஸ்ஸாரில் கீரையும் பருப்பும் வெந்த தண்ணீரை வடித்து அதையே சாறாக்குவார்கள். கரைந்த சத்து வீணாகாத அருமையான முறை. ஆனால் ஆக்சலேட்டும் அந்தச் சாற்றிலேயே இருக்கும் என்பதால், சிறுநீரகக் கல் உள்ளவருக்குப் பாலக்கில் பஸ்ஸாரு வைக்காதீர்கள்.

இரும்புக் கடாயில் ஒன்றையும் நான்ஸ்டிக்கில் மற்றொன்றையும் சமைத்துவிட்டு ஒப்பிட்டால் கணக்குக் கெடும். இரும்புப் பாத்திரத்தில், அதிலும் தக்காளியோ புளியோ சேரும்போது, பாத்திரத்தின் இரும்பே உணவில் இறங்கும். உடம்புக்கு நல்லதுதான், கீரையின் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உடம்பு எடுத்துக்கொள்வது எவ்வளவு

தட்டு அளவில் பாலக் 98 மி.கி. கால்சியம் தருகிறது என்று மேலே பார்த்தோம். ஆக்சலேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் பாலக்கின் கால்சியத்தில் சுமார் 5 சதவீதம்தான் குடலில் உறிஞ்சப்படுகிறது. பாலில் அது ஏறக்குறைய 28 சதவீதம். கணக்குப் போட்டால் பாலக்கிலிருந்து 5 மி.கி., ஒரு 200 மி.லி. டம்ளர் பாலில் 240 மி.கி. இருந்தால் அதிலிருந்து 65 மி.கி.க்கு மேல். கால்சியத்துக்காகப் பாலக் வாங்குவது வீண். முருங்கைக்கீரையிலும் ஆக்சலேட் உண்டு என்பதால் அதன் 314 மி.கி. முழுவதும் உடம்பில் சேரும் என்று எழுதிவிடக் கூடாது. கால்சியம்தான் நோக்கம் என்றால் பாலையும் தயிரையும் பாருங்கள். இந்த ஊரில் தாராளமாகக் கிடைக்கும் கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 364 மி.கி. இருக்கிறது.

இரும்பில் இரண்டு கீரையுமே ஒரே நிலையில்தான். தாவர இரும்பு தானாக அதிகம் சேராது, வைட்டமின் சி கூட இருந்தால் நன்றாகச் சேரும். சமையலில் வைட்டமின் சி பாதிக்கு மேல் போய்விடுவதால், அடுப்பை அணைத்து இறக்கியபின் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள், அல்லது பக்கத்தில் ஒரு கொய்யாத் துண்டு வையுங்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கும் ஃபில்டர் காபி இந்த வேலையைக் கெடுக்கும். காபிக்கும் கீரைச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். கீரை மாற்றுவதைவிட இந்த இரண்டு பழக்கங்களால் இரும்பில் கிடைக்கும் லாபம் பெரிது. கரோட்டினுக்கு எண்ணெய் வேண்டும், ஒரு டீஸ்பூன் தாளிப்பே போதும்.

முருங்கைப் பொடி விளம்பரம்

“பாலக்கைவிட 25 மடங்கு இரும்பு, பாலைவிட 17 மடங்கு கால்சியம்” என்று டப்பாக்களில் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று நீங்களே பிரித்துப் பார்க்கலாம். பொடிக்கு 100 கிராமில் இரும்பு சுமார் 28 மி.கி. என்று வைத்து, பச்சைப் பாலக்கின் பழைய 1.14-ஆல் வகுத்தால் 25 வரும். பொடியின் கால்சியம் சுமார் 2,000 மி.கி.யைப் பாலின் 120-ஆல் வகுத்தால் 17. உலர்ந்த பொடியைத் தொண்ணூறு சதவீதம் தண்ணீரான பொருளோடு எடைக்கு எடை வைத்த கணக்கு இது. யாரும் நூறு கிராம் பொடி சாப்பிடுவதில்லை. ஒரு நாளைக்கு 5 கிராம் என்றால் இரும்பு 1.4 மி.கி., கால்சியம் 100 மி.கி. அந்த இரும்பு, ஒரு வேளைப் பாலக்கில் இருக்கும் 3.5 மி.கி.யில் பாதிகூட இல்லை. பொடி கெடுதல் என்று சொல்லவில்லை, விலையைத் தட்டு அளவுக் கணக்கில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

யாருக்கு எது

கருத்தரிக்கத் திட்டமிடுபவர், கர்ப்பிணி: ஃபோலேட்டுக்குப் பாலக், வடிக்காமல் சமைத்தது. மருத்துவர் தந்த ஃபோலிக் அமில மாத்திரைக்கு இது மாற்று அல்ல. கொஞ்சமாகவே சாப்பிடும் பெரியவர்கள், குழந்தைகள்: சிறு அளவில் அதிகம் அடங்கியிருப்பதால் முருங்கைக்கீரை, நன்றாக வெந்து மசிந்தது. ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்: பாலக்கைத் தவிர்ப்பது நல்லது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்: கீரைகளில் வைட்டமின் கே மிக அதிகம், பச்சைப் பாலக்கில் 100 கிராமுக்கு 480 மைக்ரோகிராம் வரை இருக்கும், அது மாத்திரையின் வேலையை எதிர்க்கும். இவர்கள் கீரையை அறவே நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம். வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை கிராம் என்று தராசில் பார்த்து ஒரே அளவாக வைத்துக்கொண்டு, அந்த எண்ணை இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனையின்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.